படத்தில் இருப்பவர் தலைமறைவாக இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அலுவலகத்தில் விளம்பரம் வாங்கும் இரண்டாம் ஜன்னல்காரர் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அந்த ஜன்னல்காரர் மட்டும் கொஞ்சம் குறைவான நலத்தோடு இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் பதினெட்டு வருடமாகத் தங்கள் சந்தாதாரன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் தொழில். சென்ற புதன்கிழமை ஏழாம் பக்கத்தில் என் படம் வந்திருந்தது. பத்திரிகையில் படம் வந்தால் யாருக்கும் பெருமைதான். ஆனால் அதற்குக் கீழே, ‘மேற்கண்ட நபர் பெற்ற மகளுக்குப் பராமரிப்புத் தொகை கொடுக்காமல் ஏழு வருடங்களாகத் தலைமறைவாக உள்ளார்’ என்று போட்டிருந்தால், ஐயா, பெருமைப்படக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இது இரண்டாவது திருமணம். முதல் கணவர், மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்துவிட்டு அழைக்கிறேன் என்று கிளம்பியவர். இன்னும் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். மகளுக்கு மாதாமாதம் இவ்வளவு தர வேண்டும் என்று கோர்ட் சொன்னது. மூன்று மாதம் பணம் வந்தது. பிறகு பணமும் நின்றது, போனும் நின்றது. நான் இந்தக் குடும்பத்தில் வந்து சேர்ந்து நான்கு வருடம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளைச் சட்டப்படி என் மகளாகத் தத்தெடுக்க மனு போட்டேன்.

எங்கள் வக்கீலம்மா சொன்னார்: “பெத்தவரோட சம்மதம் வேணும் சார். ஆள் கிடைக்கலன்னா பேப்பர்ல நோட்டீஸ் போடணும். முப்பது நாள்ல அவர் வந்து ஆட்சேபம் சொல்லலன்னா ஜட்ஜ் பாத்துப்பாங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, தத்து முடிஞ்சுட்டா அன்னையிலேருந்து அவர் காசு தர வேண்டியதில்ல. செலவு பூரா உங்க தலையிலதான்.”

“இப்ப மட்டும் யார் தலையில இருக்கு?” என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். அதில் முடி இல்லாத காரணத்தை அவராகவே புரிந்துகொண்டார்.

ஆகவே தங்கள் இரண்டாம் ஜன்னலுக்கு வந்தேன். விளம்பரத்துக்கு முதல் கணவர் படம், விண்ணப்பத்துக்கு என் படம் என இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தினார் தங்கள் ஊழியர். “மாறிடாதே?” என்று கேட்டேன். “இருபது வருஷ சர்வீஸ் சார்” என்றார். கேட்டிருக்கவே கூடாது.

புதன் காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் பேப்பரைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார், நான் பழக்கதோஷத்தில் கிட்டப்பார்வை போலிருக்கிறது, கடைக்கு வரச் சொல்லலாம் என்று நினைத்துப் புன்னகைத்தேன், “சிரிப்பு வேற வருது பாரு இந்தாளுக்கு” என்று அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்ல, ஒன்றும் புரியாமல் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். கடையில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடி தயாராக இருந்தது, மூக்கில் சரியாக உட்காரவைத்து, படித்துப் பார்க்கட்டும் என்று மேஜையில் கிடந்த பேப்பரை நானே, என் கையாலேயே, விரித்துக் கொடுத்தேன்.

“எழுத்து நல்லா தெரியுதா சார்?”

“எழுத்தும் தெரியுது” என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஆளும் தெரியுது.”

அப்படியொரு துல்லியமான லென்ஸை நான் அதுவரை தேய்த்ததில்லை. முதலாளி என்னைப் பின்னறைக்கு இழுத்துப்போய், “எங்கிட்ட மட்டும் சொல்லு, எத்தனை குடும்பம்?” என்றார். மதியத்துக்குள் வக்கீலம்மா போன் செய்தார். “பதினாலு பேர் கூப்பிட்டு நீங்க எங்க இருக்கீங்கன்னு துப்பு குடுத்துட்டாங்க சார். அத்தனை பேரும் சரியான விலாசம்தான் சொல்றாங்க!”

இதெல்லாம் போகட்டும் ஐயா. சாயந்திரம் மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போனால் வாட்ச்மேன் குறுக்கே நிற்கிறார், கையில் ஏழாம் பக்கம். தினமும் பார்க்கிற மனிதர்தான். “நாலு வருஷமா ஏமாந்துட்டேனே” என்று அவருக்கு வருத்தம் வேறு. மகள் பையை ஆட்டிக்கொண்டு வந்தாள். அவள் என்னைக் கூப்பிடுவது ‘லென்ஸ்’ என்று.

“பாப்பா, இவர் யாரு?”

“லென்ஸ்.”

“பேரைக் கேக்கல பாப்பா. உனக்கு என்ன வேணும் இவரு?”

அவள் யோசித்தாள்.

“அது கோர்ட்ல கேஸ் நடந்துட்டிருக்கு” என்றாள்.

வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டார். மகள் உள்ளே, நான் வெளியே. கம்பி வழியாக அவளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடி முக்கால் மணி நேரம் நின்றேன். என் மனைவி ஆபீஸில் பர்மிஷன் போட்டு ஓடிவந்து, “இவரா ஓடிப்போனவரு? பஸ்ஸுக்கே ஓட மாட்டாருங்க, முட்டி வலி!” என்று சாட்சி சொன்ன பிறகே எனக்கு விடுதலை கிடைத்தது.

அடுத்த மாதம் விசாரணை. உண்மையான ஆள் அகப்படவில்லை, அகப்படாத ஆளாக நான் தினமும் அகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே, ‘ஏழாம் பக்கப் படத்தில் இருப்பவர் அந்தக் குழந்தையின் தந்தை அல்லர்’ என்று அதே அளவில், அதே இடத்தில் மறுப்பு வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் சந்தாவை நிறுத்த நேரிடும் என்பதைக் கண்ணீரோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் பத்திரிகை பிழையின்றி வளர வாழ்த்தும்,
தலைமறைவாகாத சந்தாதாரன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன.

ஒன்று, அந்த உண்மையான ஆள் வந்துவிட்டார். நேராக வக்கீலம்மா அலுவலகத்துக்கு. “என் பேருக்கு மேல வேற ஒருத்தர் முகம் இருக்குன்னு கூட்டாளி காமிச்சான் மேடம். எனக்காக இன்னொருத்தர் திட்டு வாங்கறாரேன்னு மூணு நாளா சோறு இறங்கல” என்று அவரிடம் சொன்னாராம். வக்கீலம்மா கூப்பிட்டதும் நான் திட்டத்தான் போனேன். அவர் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். என் கை சும்மா இருக்குமா? திருகாணி போட்டுக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு சம்மதப் பத்திரத்தை நிதானமாகப் படித்தார், கையெழுத்துப் போட்டார். பழைய பாக்கியைத் தவணையில் மகள் பெயரில் கட்டுவதாக எழுதியும் கொடுத்தார். போகும்போது, “கணக்கு நல்லா போடுவாளா?” என்று கேட்டார். வகுத்தல் மட்டும் கொஞ்சம் தகராறு என்றேன். “எனக்கும்தான்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டாவது, எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று மகள் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். மறுப்பு வாசகம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“நீ எனக்கு அப்பா இல்லன்னு பேப்பர்லயா போடச் சொல்ற?”

“அது இல்லம்மா, சட்டப்படி பாத்தா...”

“ஒண்ணும் வேணாம். போட்டது போட்டபடியே இருக்கட்டும்ப்பா.”

அந்த ‘ப்பா’ சும்மா பேச்சுக்கு வருவது, கடைக்காரரிடமும் அப்படித்தான் பேசுவாள் என்கிறாள் என் மனைவி. சொல்லிக்கொள்ளட்டும். தாங்கள் மறுப்பு எதுவும் போட வேண்டாம். அன்றைய ஏழாம் பக்கம் மிச்சமிருந்தால் ஐந்து பிரதிகள் அனுப்பிவைக்கவும். இரண்டாம் ஜன்னல்காரருக்கு என் அன்பைச் சொல்லவும்.