கான்சல் அங்கீகரித்த அடுப்படி

உலகத்தின் எந்த மூலையில் ஆட்சி கவிழ்ந்தாலும், டெல்லி வாயைத் திறப்பதற்கு முன்பே எங்கள் தெருவில் முடிவு சொல்லிவிடுவார் கான்சல். ஏதோ ஒரு தூதரகத்தில் கதவு திறந்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கான்சல், அதாவது தூதர் என்பது நாங்களாகப் பார்த்துக் கொடுத்த பதவி. ஒரு புது ஆட்சி அவருக்குப் பிடித்துப்போனால், தூதரகக் காலத்துக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவார்.

"அங்கீகரிச்சாச்சுப்பா!"

கோட்டு இல்லாமல் வந்தால் அந்த நாட்டுக்குப் போதாத காலம். அதன் அதிபர் வெறும் "அந்த ஆளு"தான்.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டிலேயே ஒருநாள் ஆட்சி மாறியது. மனைவி லூர்தம்மா கோரிமேடு ஆஸ்பத்திரியில் மூட்டு ஆபரேஷன் முடிந்து வந்து கட்டிலில் படுத்தார். அடுப்படி புது மருமகள் பிலோவிடம் போனது. சேதராப்பட்டு கம்பெனி வேலைக்கும் போய்க்கொண்டு, மூன்று வேளையும் சமைத்துப் போட்டது அந்தப் பெண். கான்சலோ குழம்பைக் கட்டிலுக்கு அனுப்பி, அங்கிருந்து ஒப்புதல் வந்த பிறகே வாயில் வைப்பார்.

"லூர்து, இது உன் உத்தரவா?"

"இனிமே எல்லாம் அவதான். பேசாம சாப்புடுங்க!"

"நாடு கடந்த அரசாங்கம் இப்பிடித்தான் பயந்து பேசும்."

பிலோவுக்கு அவர் வைத்த பெயர் இடைக்கால ஏற்பாடு. நாங்கள் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னும் விருந்தாளி மாதிரியே இருக்கேன் அங்கிள். எங்கம்மா வூட்டுக்கே போயிடலாம்னு இருக்கு" என்று என்னிடம் கண் கலங்கினாள். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து பசியோடு வந்தார் கான்சல். கறிக்குழம்பு வாசனை வீட்டைத் தூக்கியது. தட்டைத்தான் காணோம்.

"என்னம்மா, சோறு?"

"அங்கீகாரம் இல்லாத அரசாங்கம் எப்பிடி மாமா சோறு போடும்? நீங்க சாப்ட்டீங்கன்னா அங்கீகரிச்ச மாதிரி ஆயிடுமே!"

லூர்தம்மா கட்டில் குலுங்கச் சிரித்தார். கான்சல் ஆடிப்போனார். நேரே அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது உடம்பில் கோட்டு, இரண்டு கையிலும் ஏந்திய காலித் தட்டு. அடுப்படி வாசலில் நிமிர்ந்து நின்றார்.

"பொன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தார். "புது அரசாங்கத்த மனசார அங்கீகரிக்கிறேன்." பிறகு குரல் இறங்கியது. "தப்பா எடுத்துக்காத தாயி. பசிக்குது."

பிலோ அழுகையும் சிரிப்புமாகச் சோறு போட்டாள். கட்டில் பக்கம் திரும்பாமலே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார் கான்சல்.

அடுத்த மாதம் என் வீட்டுக்கு மருமகள் வருகிறாள். கோட்டை இரவல் கேட்டேன்.

"உனக்குத் தோள் பத்தாதுப்பா" என்றார்.

மறுநாள் அவரே இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தந்தார். போட்டுப் பார்த்தேன், தொளதொளவென்றுதான் இருந்தது. இருந்தாலும் கழற்ற மனசு வரவில்லை.