இடக் கைப் பட்டன்

"இந்த இடக் கைப் பட்டனை யாரு போட்டது?" என்றாள் கனகவல்லி.

உத்தமனுக்கு வேர்த்துவிட்டது. அதைப் போட வலக்கை வேண்டும். கண்ணாடிக் கதவில் அறுந்த அவன் வலக்கை நரம்பைத் தைத்துப் பதினான்கு மாதம். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார் டாக்டர். வளர்ந்து வளர்ந்து, போன மாதம் கட்டைவிரல் அசைந்துவிட்டது. அவன் மூச்சு விடவில்லை. கை தேறினால், சம்பளமில்லா விடுப்பில் வந்திருக்கும் டீச்சரம்மா கனகவல்லி சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடுவாள். ஒன்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் கல்கத்தா சால்ட் லேக் வீட்டில் நிலையாய் இருந்தது இந்தப் பதினான்கு மாதம்தான். தினமும் அவன் மணிக்கட்டைப் பிடித்து அவள் பட்டன் போடும் அந்த அரை நிமிஷத்துக்காகவே விடியக் காத்திருப்பான். இன்று மறதியில் தானே போட்டுத் தொலைத்துவிட்டான்.

"மாடி வீட்டு ஹால்தார் தாதா போட்டுவிட்டாரு."

"பால் வாங்கப் போன எடத்துலயா?"

"நல்ல மனுஷன்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து நேரே மாடிக்கு ஓடினான். வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்பார்கள்; ரிட்டயரான ஹால்தார் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நான்தான் போட்டேன், அவ்வளவுதானே?" என்றார்.

மறுநாள் காலை எட்டுக்கு அழைப்பு மணி. "பட்டன் போட வந்தேன்!"

போட்டார். மூக்குப்பொடி வாசம் அடித்தது. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார். தினமும் வந்தார்.

உத்தமன் அரைக்கைச் சட்டைக்கு மாறினான். தாதா ஷூ லேஸைக் கட்டினார். செருப்புக்கு மாறினான். ஹோமியோபதி மாத்திரையோடு வந்து, "ஆ காட்டு" என்றார். மூன்றாம் வாரம் இட்லியைப் பிட்டு ஊட்டவே ஆரம்பித்துவிட்டார்.

"தாதா இருக்கையில எனக்கென்ன கவலை?" என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டாள் கனகவல்லி. ஒரே வீட்டில் இருந்தும் அவள் விரல் பட்டு இருபது நாளாயிற்று. எதற்காகப் பொய் சொன்னானோ, அதுவே கைநழுவிப் போயிருந்தது.

அன்று மாடியேறினான். "தாதா, நாளைலேருந்து வராதீங்க. கை தேறிடுச்சுன்னு அவகிட்ட சொல்லிடறேன். ஊருக்குப் போனாப் போகட்டும்."

ஹால்தார் தலையில் அடித்துக்கொண்டார். "அட பைத்தியமே! அன்னைக்கு நீ ஓடி வர்றதுக்கு முன்னாடி, மத்தியானமே உன் பெண்டாட்டி இங்க வந்து அழுதா: 'அவர் கை தேறிடுச்சு தாதா, அது எனக்குத் தெரியும்னு ஆயிட்டா நான் ஊருக்குப் போயாகணும், போக மனசில்ல, அவர் சொன்ன பொய் மெய்யாகட்டும், தினமும் வந்து நீங்களே பட்டனைப் போட்டுடுங்க'ன்னு!"