பன்னிரண்டு வோல்ட் மானம்

"பூசை முடிஞ்சு நான் வரேக்கை லைற் பத்தோணும், குழாயிலை தண்ணி வரோணும். இல்லையெண்டா இரவைக்குத் தங்கச்சி வீட்டைதான் போய்ப் படுக்கிறது. சொல்லிப்போட்டன்" என்றாள் கொறற்றி.

கராவானின் இருக்கைப் பலகையைத் தூக்கி, அதற்குள் தலையை விட்டிருந்த புருசன் பேனாட், "ஓம், ஓம்" என்றார்.

ஆவணியில் ஜெர்மனியின் கெவலார் மாதா கோயிலில் தமிழ்ச்சனம் திரளும். இந்த முறை சொந்தச் சில்லு வீட்டில் போய் இறங்குவது என்று பேனாட் வுப்பர்டாலில் ஒரு கிழவரிடம் 1973ஆம் ஆண்டுக் கராவானை வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. கராவான்கள் நிற்கும் முகாம் திடலின் கம்பத்திலிருந்து இருநூற்று முப்பது வோல்ட் வரும். அதைப் பன்னிரண்டாக்கி விளக்குக்கும், குழாயைத் திருகினால் ஓடும் தண்ணீர்ப் பம்புக்கும் கொடுக்க இருக்கைக்கடியில் ஒரு பெட்டி உண்டு. ஜெர்மன்காரர் அதை உம்ஃபோர்மர் என்பார்கள். பெட்டி 'ம்ம்ம்' என்று முனகியது. விளக்கு மினுக்மினுக்கென்றது. அவ்வளவுதான்.

கொறற்றியின் தங்கை றெஜினாவின் வீடு கெல்டர்னில், பத்து நிமிட ஓட்டம். வீட்டோடு பேனாட்டுக்குக் கோபமில்லை. வீட்டுக்காரன் யூட்டோடுதான். சகலன். வீடு வாங்கி இரண்டு வருடமாகியும் வருகிறவர்களை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு திரிகிறான். போன உயிர்த்த ஞாயிறன்று நிலவறையில் வெந்நீர்க் கொதிகலனுக்கு முன்னால் பேனாட்டை ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தான். கராவான் வாங்கிய செய்தி கேட்டதும், "அண்ணை, உதுக்குள்ளை கோழிதான் படுக்கும்" என்றான். அவன் வீட்டு வாசலில் இன்றிரவு தலையணையோடு போய் நிற்பதைவிட ஆற்றங்கரையில் படுக்கலாம்.

பேனாட் பெட்டியின் தலையில் அகப்பையால் இரண்டு தட்டுத் தட்டினார். மினுக்மினுக்கும் நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் றெஜினாவையும் ஏற்றிக்கொண்டு யூட்டின் கார் வந்தது.

"என்னண்ணை, கரண்ட் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. சும்மா தூசு தட்டுறன்."

யூட் கோயிலுக்கென்று போட்டு வந்த வெள்ளைச் சேட்டைக் கழற்றி மடித்து வைத்தான். "நீங்கள் ரெண்டு பேரும் பூசைக்குப் போங்கோ. நான் அண்ணையோட நிண்டு உதைத் திருத்திப்போட்டு வாறன்."

அக்காவும் தங்கையும் போனார்கள். பேனாட்டுக்குச் சந்தேகம் வந்தது. தன் வீட்டில் ஒரு ஆணி அடிக்கவே யோசிக்கிறவன் ஊரான் கராவானுக்கு ஏன் இப்படிப் பறக்கிறான்?

யூட் கம்பத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து, பெட்டியின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"எது எங்கையிருந்தது எண்டு எழுதி வைக்கேல்லையோ?"

"எல்லாம் மண்டைக்குள்ளை இருக்கு, அண்ணை."

யூட் வயர்களைத் திரும்பப் பூட்டிப் பிளக்கைச் செருக, பேனாட் விளக்குச் சுவிட்சைப் போட்டார். குழாயில் தண்ணீர் வந்தது. பதறிப்போய்க் குழாயைத் திருகினார். விளக்கு எரிந்தது.

"பாத்தியளே! ரெண்டும் வேலை செய்யுது" என்றான் யூட்.

"டேய், வெளிச்சத்துக்குக் குழாயைத் திருகச் சொல்லிக் கொறற்றிக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"சரி, சரி, உந்த ரெண்டு வயரையும் மாத்தி விடுவம்."

மாற்றி விட்டார்கள். இப்போது விளக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. பெட்டி முனகலை விட்டுவிட்டு அழத் தொடங்கியது.

"பியூஸ் சின்னன். அதுதான் தாங்குதில்லை" என்று சொல்லி யூட் கொஞ்சம் பெரிதாக ஒன்றைப் போட்டான். பெட்டிக்குள் 'டொப்' என்றது. அந்த வரிசை முழுவதும் மின்சாரம் போனது. பக்கத்துக் கராவானிலிருந்து ஒரு ஹொலண்ட்காரர் பாதி வாட்டிய பாண் துண்டோடு வெளியே வந்து இருவரையும் பார்த்தார். பின்னாலேயே திடல் பொறுப்பாளர் வந்தார். கம்பத்துச் சுவிட்சைத் தூக்கிவிட்டு, பேனாட்டின் பிளக்கைக் கழற்றி, அதை அவர் கையிலேயே மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேனாட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவன் திருத்த வரவில்லை, கெடுக்க வந்திருக்கிறான். தன்னை இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கொதிகலனை இன்னொரு முறை காட்டத்தான் இத்தனை பாடும்.

ஆனால் யூட்டின் முகத்தில் வெற்றிக் களையைக் காணோம். வியர்வை ஒழுக, "அண்ணை, இன்னொரு வழி இருக்கு. கார் பற்றரியிலை இருந்து நேரா எடுப்பம்" என்று கெஞ்சினான்.

"காருக்குக் கிட்டவும் போகாதை."

பூசை முடிந்து பெண்கள் வந்தார்கள். கொறற்றி சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். குழாயைத் திருகிப் பார்த்தாள். கருகல் மணத்தை மோந்து பார்த்தாள்.  

"சாமானை எடுங்கோ. போவம்" என்றாள்.

பேனாட் தன் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்று வாரமாகத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த கராவானை ஒருமுறை பார்த்தார். அழுகை வரும்போல இருந்தது. சகலனிடம் திரும்பினார்.

"சரி யூட், நீ வெண்டிட்டாய். வாறம் உன்ரை வீட்டை. கொதிகலனையும் காட்டு."

யூட் மடித்து வைத்திருந்த சேட்டை எடுத்து அவசரமாக மாட்டத் தொடங்கினான். றெஜினாதான் பேசினாள்.

"எங்கை அத்தான் வாறது? வியாழக்கிழமை இவர் எங்கட பியூஸ் பெட்டியைத் திருத்தினதிலை இருந்து வீட்டிலை கரண்ட் இல்லை, இண்டைக்கு உங்களோட படுக்கலாமெண்டெல்லோ நாங்கள் வந்தனாங்கள்!"