அவ்வளவுதான் ஆசாமி

மனிதர்களில் ‘அவ்வளவுதான்’ என்றோர் இனம் உண்டு. நீங்கள் ஒரு பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தால், “காற்று அதிர்கிறது, அவ்வளவுதான்” என்பார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்குச் சர்க்கரையோடு போய், தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, “முக்கால்வாசி தண்ணீர், மீதி கரி, கொஞ்சம் சுண்ணாம்பு” என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வருவார்கள். எதையும் பிரித்துக் காட்டிவிட்டால் அது இல்லையென்று ஆகிவிடும் என்பது இவர்கள் வேதம். பிரித்ததை மறுபடி பூட்டித் தரச் சொல்லிப் பாருங்கள், செருப்பைத் தேடுவார்கள்.

பம்பாய் வடாலாவில் கனகவள்ளிக்கு இந்த இனத்தில் ஒருவர் கணவராகவே வாய்த்திருந்தார். பெரியநாயகத்துக்கு ட்ராம்பேயில், அணு ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் வேலை. ஆராய்ச்சியில் அல்ல, கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்து அடுக்கும் ஸ்டோரில். ஆனாலும் அணுவைப் பிளந்தவர்கள்கூட அதைப் பற்றி அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

அறுபத்தாறாம் வருஷம், மே மாதம். அவர்கள் இருந்த கட்டடத்தின் பதினாறு குடித்தனங்களுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையை அதன் சொந்தக்காரரான சேட் பூட்டிவிட்டார். மோட்டார் பழுதாம். அவர் வீட்டுத் தொட்டி மட்டும் தினமும் நிரம்பி வழிந்தது. மூன்றாம் நாள் கீழ்வீட்டு சைனப்பின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. துணி அலசக்கூடத் தண்ணீரில்லை. கனகவள்ளி காலி வாளியோடு கணவர் முன்னால் போய் நின்றாள்.

“தண்ணி என்னட்டி பெரிய தண்ணி? ஹைட்ரஜன் ரெண்டு, ஆக்ஸிஜன் ஒண்ணு. அவ்வளவுதான்.”

“அதெல்லாம் என்னது?”

“வாயு. காத்து மாதிரி.”

“காத்துல துணிய முக்குனா நனையுமா? அந்த ஈரம் எதுக்குள்ள இருந்துச்சு, ரெண்டுக்குள்ளயா, ஒண்ணுக்குள்ளயா?”

அது படிக்காதவர்கள் கேட்கும் கேள்வி என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இங்கிலீஷ் பேசுகிறவராயிற்றே என்று குடித்தனக்காரர்கள் அவரையே சேட்டிடம் தூது அனுப்பினார்கள். போனவர் என்ன செய்தார்? குடித்தனக்காரர்கள் என்று ஒரு பொருளே உலகத்தில் கிடையாது, இருப்பது தனித்தனி ஆட்கள், ஆட்களும் வெறும் அணுக்கள் என்று அரைமணி நேரம் விளக்கினார். அப்படியொரு தத்துவத்துக்காகத்தான் சேட் ஆயுள் முழுக்கக் காத்திருந்தார்.

“பரோபர் போலா, சாப்! சப்கோ அலக் அலக் பேஜோ!”

சரியாகச் சொன்னீர்கள் என்று மெச்சி, எல்லோரையும் தனித்தனியாக அனுப்பச் சொல்லிவிட்டார். கூடவே தூதருக்கு ஒரு கிளாஸ் சர்பத். அப்படியே தனித்தனியாகப் போனார்கள். ஒருவருக்கு ‘நாளைக்கு’. இன்னொருவருக்கு ‘மெக்கானிக் ஊரில் இல்லை’. சைனப்புக்குக் கதவே திறக்கவில்லை. அந்தச் சர்பத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் நாள் காலை கனகவள்ளி ஒவ்வொரு வாசலாகப் போனாள்.

“வாளியும் கரண்டியும் எடுத்துட்டு வாங்கட்டி. ஒருத்தியாப் போனா அவன் காதுல விழாது.”

ஒரு வாளியைத் தட்டினால் சத்தம் வரும். பதினாறு வாளிகளைச் சேட் வாசலில் சேர்ந்து தட்டினால் பதினாறு பங்கு சத்தமா வரும்? தெரு கூடியது, ஜன்னல்கள் திறந்தன, சேட்டுக்கு வியர்த்தது. பத்தாவது நிமிஷம் மாடியிலிருந்து சாவி விழுந்தது. மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை.

முற்றத்துக் குழாயில் முதல் வாளியைச் சைனப்புக்குக் கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டே துணி அலசினாள். அப்போதுதான் நம் பெரியநாயகம் தோளில் துண்டோடு இறங்கிவந்து, ஆபீசுக்கு நேரமாகிறது என்று தம் வாளியைக் குழாயடியில் வைத்தார். கனகவள்ளி அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“இது எல்லாருஞ் சேந்து வாங்குன தண்ணி. நீங்கதான் தனி ஆளாச்சே! தனியாப் போயி சேட்டுகிட்டக் கேளுங்க.”

பதினாறு குடித்தனமும் பார்த்துக்கொண்டிருக்க, மனிதர் குளிக்காமலே ட்ராம்பேக்கு ரயில் ஏறினார்.

சிரிக்கிறீர்களா? மேல்மாடிக்காரர், ஹெட்கிளார்க், மைத்துனர் என்று யார் யார் முகமோ உங்களுக்கு நினைவு வந்திருக்கும். நல்லது. பத்திரிகையை மடிக்காமல் அப்படியே வீட்டுக்காரியிடம் கொடுங்கள். படித்துவிட்டு அவள் யாரை நிமிர்ந்து பார்க்கிறாள் என்பதை மட்டும் கவனியுங்கள்.