கலை இயக்குநர் றோபேட்டின் தூசி

இந்தோனேசியக் குறும்படக் கலை தன் சிகரத்தைத் தொட்டது ஜகார்த்தாவில் அல்ல. இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒரு மூன்றாம் மாடியில். இதை உலகம் இன்னும் அறியவில்லை. உலகத்துக்குத்தான் நட்டம்.

மன்னார் றோபேட் ஆறு சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய வீட்டம்மாக்களின், வீடுகளைத் துடைப்பவர். போன வைகாசி முதல் "கலை இயக்குநர்". இந்தோனேசியாவிலிருந்து சினிமா படிக்க வந்த வுலான் என்ற பெண், தமிழ்க் கடையில் தேங்காய்ப்பால் வாங்கியபடி, தன் குறும்படத்துக்கு ஒரு ஜாவா வீட்டை இங்கேயே அமைக்க ஆள் தேடுவதாகச் சொன்னாள். தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைக்கும் நாடெல்லாம் ஒரே நாடு என்ற கொள்கையுடைய றோபேட் உடனே கையை உயர்த்தினார். சம்பளம் கிடையாது; படத்தில் பெயர் வரும். பதினெட்டு வருடமாக இந்த நகரத்தில் அவர் பெயர் இருந்தது பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி அட்டையில் மட்டும்தான். அதனால் ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பங்குச் சனத்துக்கு அறிவித்தார். 'சர்வதேசக் கலை இயக்குநர்' என்று விசிற்றிங் காட்டும் அடித்தார்.

கதை எளியது. தாய் செத்து, பல காலம் பூட்டிக்கிடந்த வீட்டுக்கு மகன் திரும்பி வருகிறான். ஆகவே தேவை தூசி. ஆறு வீட்டுத் தூசியையும் பைகளில் சேர்த்துக் கொண்டுபோய், படப்பிடிப்புக்கு எடுத்த அறையில் வெள்ளிக்கிழமை பக்குவமாகத் தூவினார். தரமான சரக்கு, அதில் பாதி ஒரு நீதிபதி வீட்டுடையது.

சனிக்கிழமை வுலான் கமராவோடு வந்தபோது அறை பளபளத்தது. எலுமிச்சை வாசம் வேறு. காத்திருந்த நேரத்தில், தூசியைக் கண்ட கை சும்மா இருக்கவில்லையாம். மறுபடி தூவினார். மறுபடி துடைத்தார், இம்முறை யன்னலையும் சேர்த்து. இதைக் 'கலைஞனின் தேடல்' என்று விளக்கினார். வுலான் பொறுமையான பிள்ளை. நாளைக்குத் தூசி இல்லையென்றால் பெயரும் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலையும் அறை பளபளத்தது. றோபேட் வெட்கம் தாங்காமல் மூன்றாம் மாடியிலுள்ள தன் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்தினார். உள்ளே மனைவி எமிலியானா பையை வைக்க இடம் தேடிக்கொண்டு நின்றாள். கடலோர மொண்டெல்லோவில் ஒரு கிழவியோடு தங்கி ஆறு நாளும் துடைப்பவள் அவள். ஏழாம் நாள் ஆண்டவரே ஓய்ந்திருந்தார் என்று சொல்லி, இந்த வீட்டை எப்போதோ கணவரின் பொறுப்பில் விட்டிருந்தாள்.

"என்ரை பேரை வெட்டப்போறாளப்பா," என்றார் றோபேட், அழாக்குறையாக. "சனத்துக்கு நான் என்னெண்டு முகம் காட்டுறது?"

கதவு தட்டப்பட்டது. பின்னாலேயே கோபத்தோடு வந்த வுலான் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாதா சுரூபத்திலிருந்து மின்விளக்குவரை ஓடிய சிலந்தி வலையைப் பார்த்தாள். எட்டு வருடப் பழைய கலண்டரைப் பார்த்தாள். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் அம்மா இல்லாத வீடு என்றாள். கமராவை இங்கே கொண்டுவரும்படி போனில் சொன்னாள்.

பிறகு றோபேட்டின் கையைப் பிடித்து, இவ்வளவு மகத்தான வேலையைச் செய்ய எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டாள்.

கலை இயக்குநர் நிலத்தைப் பார்த்தார். தூசியைக் கண்டால் துறுதுறுக்கும் அந்தக் கை, இங்கே மட்டும் அசையாமல் தொங்கியது.

"சொல்லுங்கோவன்," என்றாள் எமிலியானா, பையை இன்னும் கையில் பிடித்தபடி. "பதினெட்டு வருசம் எண்டு."