குசினியில் ஒரு வர்ணப் புரட்சி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு அடுப்படியில் நிகழ்ந்த அடுத்த மகத்தான சம்பவம், கல்முனையில் ஹிஷாம் சேர் ஓய்வுபெற்றதாகும்.

அதுவரை அவர் பாடசாலையில் சித்திரம் கற்பித்தவர். ஓய்வுக்குப் பிறகு நிறம் தீட்ட எதுவும் கிடைக்காமல் தவித்தார். கேற்றுக்குப் பூசினார், கிணற்றுக் கட்டுக்குப் பூசினார். கோழிக்கூட்டை நெருங்கியபோது மனைவி நதீரா தூரிகையைப் பறித்து ஒளித்து வைத்தார். அப்படியிருக்க, ஒரு நாள் காலை தேநீர் கேட்கக் குசினிக்குள் நுழைந்த சேர் அசையாமல் நின்றுவிட்டார்.

நதீரா மீன் ஆணத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். மிளகாயின் கடுஞ்சிவப்புக்குள் வெள்ளை இறங்கியது; மெல்ல மெல்லச் செம்மஞ்சளாயிற்று; ஓரத்தில் எண்ணெய் பொன்னாக மினுங்கியது. சேரின் கண்கள் கலங்கின. அதில் வெங்காயத்துக்கும் பங்குண்டு என்பதை அவர் ஏற்கவில்லை.

“இந்தச் சட்டிக்குள்ள இப்பிடி ஒரு ஓவியம் இரிந்திரிக்கி. நீ சொல்லவே இல்லையே புள்ள!”

“நீங்க திண்டுட்டு எழும்பிப் போறதோட சரி. சட்டிக்குள்ள எப்ப எட்டிப் பாத்தீங்க?”

மறுநாளே குசினி ‘கலையகம்’ ஆனது. சேர் சமையலை மெய்யாகவே காதலித்தார். விடிந்ததும் சந்தைக்கு ஓடினார். கத்தரிக்காயை ஊதாவுக்காக வாங்கினார், பூசணியை அதன் உட்புறத்துக்காக வாங்கினார்.

“சேர், அந்த மீன எடுக்காதீங்க, அது பழசு” என்றார் மீன்காரர்.

“நிறம் கெடல்லையே!” என்றார் சேர்.

சங்குப்பூவில் நீலச் சோறும் பீற்றூட்டில் ஊதாப் பாலாணமும் ஆக்கினார்.

“உப்பு?” என்று கேட்டார் நதீரா.

“உப்பு வெள்ளை. வெள்ளை ஒரு நிறமே இல்ல. நிறமில்லாததுக்குக் கலையில இடமில்ல, புள்ள.”

சேர் முற்றத்து வெளிச்சத்தில் பீங்கானை வைத்துப் படம் பிடிக்கும்போது நதீரா சட்டிகளுக்கு உப்பிடுவார். சேர் அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போடும்போது நதீரா குசினியைக் கழுவுவார். பிறகு சேர் சாப்பிட்டுத் தலையாட்டுவார்: “பாத்தியா? நிறம் சரியா விழுந்தா ருசி தானா வரும்.”

இத்தகைய மேதையைக் கரையோரக் கலை இலக்கியப் பேரவை விட்டுவைக்குமா? அவருக்கு ‘வர்ணபாகச் செம்மல்’ பட்டமும் பொன்னாடையும் வழங்கியது. விருந்து சேரின் வீட்டில். தலைவர் ஸஹீத் ஹாஜியார் கை கழுவப் பின்பக்கம் வந்தார். அங்கே நதீரா, பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சஹன் தட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னும் தேய்க்கவேண்டியவை பக்கத்தில் குவிந்திருந்தன.

“நீங்க குடுத்துவெச்ச ஆள்” என்றார் ஹாஜியார். “சேர் சமைக்கிறார். நீங்க சும்மா இரிக்கீங்க.”

நதீரா பாதி தேய்த்த தட்டைக் குவியலின் மேல் வைத்தார்.

மறுநாள் காலை அவர் பையோடு வாசலில் நின்றார். “பொத்துவில்ல தங்கச்சிட ஊட்ட போறன். சும்மா இரிக்கிறத்த அங்க போய் இரிக்கன்.”

அன்று பகல் சேரின் சோற்றில் நீலம் அற்புதமாக விழுந்திருந்தது. ருசி மட்டும் வரவில்லை. நதீராவைத் தொலைபேசியில் அழைத்தார். “புள்ள, நீ எந்த நிறத்தப் போட்ட?”

“உப்பு.”

சேருக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால், அந்த வெட்கத்துக்கு என்ன நிறம் என்று யோசிக்கத் தொடங்கியதும் அது போய்விட்டது. அடுத்து வந்த நாட்களில் கழுவாத சட்டிகள் குசினியை நிறைத்தன. அவற்றில் படர்ந்த பூஞ்சணத்தின் பச்சையையும் படம் பிடித்தார். பிறகு சமைக்கச் சட்டி இல்லாமற்போனது.

பேரவை அவசரமாகக் கூடியது. ‘கலைஞனைக் கைவிட்ட சகோதரி நதீரா, கலையின் நலன் கருதி உடன் வீடு திரும்ப வேண்டும்’ என்று தீர்மானம் வரையப்பட்டது. ஹாஜியார் அதை அவருக்குத் தொலைபேசியில் கம்பீரமாக வாசித்துக் காட்டினார்.

“சட்டி கழுவுற சவுக்காரம் பேசினுக்குக் கீழ இரிக்கி” என்றார் நதீரா. “மஞ்ச நிறம். சேருக்குப் புடிக்கும்.”

தொடர்பு அறுந்தது. கூட்டக் குறிப்பில் ‘தொலைபேசிக் கோளாறு’ என்று பதியப்பட்டது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “பெண்கள்ர அபிப்பிராயத்தையும் கேட்டா நல்லம்தானே?”

ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ள சபை திரும்பிப் பார்த்தது. ஒரு பெண்ணும் இல்லை.

“இப்ப எப்பிடி வருவாங்க?” என்றார் ஹாஜியார். “ராவைக்குச் சோறாக்கிற நேரமெல்லோ.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவரவர் வீட்டுச் சோறு ஆறிவிடக் கூடாதென்பதால், நன்றியுரை கைவிடப்பட்டது.