தாழ்ப்பாள் இல்லாத சாட்சி

ஊழியர்கள் அனைவரும் இனி ஆங்கிலத்தில் கற்பனை செய்ய வேண்டும் என்று தலைமை அலுவலகம் ஆணையிட்டது. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு கூடியது.

"நடக்காததை நடந்தா எப்படின்னு சொல்லணும். 'நான் பறவையா இருந்தா பறப்பேன்', அவ்வளவுதான்," என்றார் வாத்தியார்.

கணக்கர் ராஜாவாக இருந்து பார்த்தார். காவலாளி மீனாகி நீந்தினார். தட்டச்சுக்காரியின் முறை வந்தது. வேலை நிரந்தரமாக மேலாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்காகவே இதுவரை வாய் திறக்காதவள். எழுந்து, ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள்:

"நான் மேனேஜரா இருந்தா, பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போடுவேன்."

வாத்தியார் கைதட்டினார். மேலாளர் தட்டவில்லை.

திங்களன்று விசாரணை. குற்றம்: முன் அனுமதியின்றி மேலாளராக இருந்தது.

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்றார் விசாரணை அதிகாரி.

"வாக்கியம் முடியற வரைக்கும் சார்."

"அந்த நேரத்துல நான் யாரு?" மேலாளர் தம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கையெழுத்து கைநழுவிப் போவது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அப்போது கோப்பறை அக்கா உள்ளே வந்தாள். தட்டச்சுக்காரி கழிவறைக்குப் போகும்போதெல்லாம் வெளியே நின்று, ஆள் இருக்கிறது என்று இருமிக் காட்டுகிறவள்.

"சார், இவ மேனேஜரா இருந்திருந்தா தாழ்ப்பாள் போட்டிருப்பா. போய்ப் பாருங்க, இல்லவே இல்ல. அப்ப இவ எப்படி மேனேஜர்?"

அதிகாரி நேரில் சென்று கதவைத் தள்ளினார். இரும ஆள் இல்லாததால் கதவு உடனே திறந்தது. உள்ளிருந்து ஓர் அலறல். வாதம் ஐயத்திற்கிடமின்றி நிரூபணமானது.

அவள் விடுவிக்கப்பட்டாள், கையெழுத்தும் கிடைத்தது. கூடவே மேலாளர் ஓர் உத்தரவு போட்டார். தாழ்ப்பாள் இல்லாத அக்கதவே தாம்தான் மேலாளர் என்பதற்கான ஒரே சாட்சி. அதில் எவரும் ஆணி அடிக்கக் கூடாது. உத்தரவைப் பிழையின்றித் தட்டச்சு செய்தவள் அவள்தான்.

அடுத்த வகுப்பில் வாத்தியார் மறுபடி அவளை எழுப்பினார்.

"நான் மேனேஜரா இருந்தா, எல்லாத்தையும் இப்படியே விட்டுவைப்பேன்."

"இதுல கற்பனை எங்கம்மா இருக்கு?" என்று வாத்தியார் தடுமாறினார். அதற்குள் மேலாளர் கைதட்டிவிட்டார். அவர் தட்டியதும் வகுப்பே தட்டியது.

வகுப்பு முடிந்ததும் அவள் அக்காவின் அருகில் போய்க் கிசுகிசுத்தாள்: "அக்கா, கொஞ்சம் வர்றீங்களா?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நிரந்தரமாயிட்டல்ல? இனிமே உனக்கு நீயே இருமிக்கோ."